உங்கள் நிழலோடு மோதிப் பழகுவது எப்படி?

சண்டை விளையாட்டுகளில் கணினியை எதிராளியாக வைத்துப் பழகுவது வீண் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. கடினநிலையை உயர்த்தினால் பழைய வகைக் கணினி எதிராளி புத்திசாலியாகிவிடுவதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தியதை விளையாட்டின் உள்ளிருந்தே அறிந்துகொண்டு, அதே கணத்தில் அதற்கான மாற்று அடியைப் போடும். அதை வெல்லும் வழியும் செயற்கையானதே: அதன் நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைப்பது. இப்படிப் பழகியவர் ஆன்லைனில் ஒரு மனிதருக்கு எதிரே போய் நின்றால், இரண்டாவது உதை தடுக்கப்படும், மூன்றாவது உதைக்குப் பதிலடி விழும்.

மனிதரைப் போல ஆடும் செயற்கை நுண்ணறிவு எதிராளி இதிலிருந்து வேறுபட்டது. 2002இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த விர்ச்சுவா ஃபைட்டர் 4 விளையாட்டிலேயே, ஒரு கேரக்டருக்கு நாமே ஆடக் கற்றுக்கொடுக்கும் வசதி இருந்தது. பின்னர் கில்லர் இன்ஸ்டிங்க்ட் விளையாட்டின் 'ஷேடோ', அதாவது நிழல், எந்தச் சூழலில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பதிந்து, அதே சூழல் மீண்டும் வரும்போது அதையே செய்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த டெக்கன் 8 விளையாட்டின் 'சூப்பர் கோஸ்ட்' உங்களோடு ஆடிக்கொண்டே உங்கள் பாணியைக் கற்கிறது. பிறருடைய கோஸ்ட்டைப் பதிவிறக்கி அதனோடும் மோதலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பிறகு சேர்க்கப்பட்ட 'வி-ரைவல்', பலர் ஆடிய ஆட்டத் தரவுகளிலிருந்து கற்ற எதிராளி.

இவற்றை மனிதத்தன்மை உள்ளவையாக ஆக்குவது திறமை அன்று, குறைபாடு. பெரும்பாலான சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், என்ற வேகத்தில் ஓடுகின்றன. கண்ணால் ஒன்றைப் பார்த்து விரல் அசைவதற்குச் சாதாரண மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி, அதாவது 15 ஃபிரேம் ஆகிறது. ஜப்பானின் ரிட்சுமேகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைட்டிங்ஐஸ் என்ற ஆய்வுக் களத்தில், போட்டியிடும் நிரல்களுக்கு ஆட்டத்தின் நிலை 15 ஃபிரேம் தாமதமாகவே தரப்படுவது இதே காரணத்தால்தான். ஆகவே ஓர் எதிராளி பழகத் தகுந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி வெளிப்பட 26 ஃபிரேம் ஆகும். அதைக் கவனமாக இருக்கும் மனிதர் பார்த்துத் தடுக்கலாம், வேறு எதையோ எதிர்பார்த்திருந்தால் தவறவிடலாம். உங்கள் எதிராளி அதைச் சில முறை தடுத்துச் சில முறை வாங்கிக்கொண்டால் நல்லது. 5 ஃபிரேமில் வெளிப்படும், ஆளைப் பிடித்து எறியும் பிடியை ஒருமுறையும் தவறாமல் பார்த்தே உடைக்கிறது என்றால், அது பழைய கணினியே; விட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் சொந்த நிழலிலிருந்து, அதாவது உங்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கற்ற எதிராளியிலிருந்து, தொடங்குங்கள். அது கற்றுக்கொள்ளும் காலத்தில், தரநிலைக்காக ஆன்லைனில் ஆடும் ரேங்க் ஆட்டத்தில் எப்படி ஆடுவீர்களோ அப்படியே ஆடவேண்டும். புதிய காம்போவை, அதாவது தொடர் அடிகளை, சோதிப்பது, வேடிக்கைக்காக ஒரே அடியை அடிப்பது போன்றவற்றை அப்போது செய்தால், அந்த வேடிக்கைகளும் சேர்ந்த ஒரு பொம்மைதான் கடைசியில் எதிரே நிற்கும். பத்துப் பதினைந்து ஆட்டங்கள் ஆன பிறகு அதனோடு வெல்லும் நோக்கமின்றி மோதுங்கள். தடுத்து நின்று, மூன்று இடங்களை மட்டும் கவனியுங்கள்: கீழே விழுந்து எழும்போது என்ன செய்கிறது, அதன் அடி தடுக்கப்பட்டவுடன் என்ன செய்கிறது, மூலையில் சிக்கினால் எப்படித் தப்பப் பார்க்கிறது. தாளில் கோடு போட்டு எண்ணுவதே சிறந்தது, ஏனெனில் நினைவு நம் பக்கமே சாயும். நான் எண்ணியபோது, என் நிழல் பத்து முறை விழுந்து எழுந்ததில் ஏழு முறை உடனே ஜேப் என்ற வேகமான சிறு குத்தை அடித்தது. எழும்போது பெரும்பாலும் தடுப்பேன் என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தை எப்படித் தண்டிக்கலாம் என்று அதன்மீதே முயன்று பாருங்கள்: ஒரு கணம் காத்திருந்து ஜேப்பை வீணாக்கி அடிப்பதா, அதற்கு முன்பே தாக்குவதா என்பது தெரியவரும்போது, உங்களை எப்படி வீழ்த்தலாம் என்பதும் தெரிந்துவிடும்.

அதன் பிறகே பிறருடைய நிழலுக்குச் செல்லவேண்டும். உங்களைவிட ஒன்றிரண்டு படி மேலே உள்ள ரேங்க்கைத் தேர்ந்தெடுங்கள். உச்சத்தில் இருப்பவரின் நிழல் கண்ணைக் கவரும், ஆனால் என்ன நடந்தது என்பதே புரியாமல் தோற்பீர்கள். ஓர் அமர்வுக்கு ஒரு கேள்வி போதும். 'இந்தக் கேரக்டரின் தாழ்வான அடியை எந்தச் சூழலில் எதிர்பார்க்கவேண்டும்?' என்பது நல்ல கேள்வி. 'நன்றாக ஆடவேண்டும்' என்பது கேள்வியே அன்று. நீங்களோ நிழலோ பத்து வெற்றி எடுக்கும்வரை ஒரே நிழலோடு ஆடினால் அதன் பழக்கங்கள் வெளிப்படும். இடையில் ஏதாவது ஒன்று மீண்டும் மீண்டும் உங்களை அடித்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு டிரெய்னிங் மோடு என்ற பயிற்சிப் பகுதிக்குப் போய், அங்குள்ள பொம்மையை அதே அடியையும் இன்னொன்றையும் மாறி மாறிச் செய்யுமாறு பதிவுசெய்து, தடுத்துப் பதிலடி கொடுக்கும் வரை பழகுங்கள். பிறகு அதே நிழலிடம் திரும்புங்கள். தயங்காமல், சலிக்காமல், எத்தனை முறை அழைத்தாலும் வரும் எதிராளி என்பதுதான் இதன் பெரும் வசதி.

ஆனால் இங்கேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. தோற்கும் மனிதர் மாறுவார். நிழல் பெரும்பாலும் மாறாது. அடுத்தடுத்து ஐந்து முறை ஒரே உத்தி பலித்தால் அது உத்தியா, நிழலின் ஓட்டையா என்று சந்தேகப்படவேண்டும். அந்த உத்தியை அந்த அமர்வு முடியும்வரை தடைசெய்துவிடுவது என் வழக்கம். நிழலுக்கு அச்சமும் இல்லை: உயிர்க்கோடு கடுகளவு இருக்கும்போது மனிதர் ஒடுங்குவார் அல்லது பதறிப் பாய்வார், நிழலோ பதிவில் அப்படி இருந்தால் மட்டுமே அதைச் செய்யும். எதிராளியை மிரட்டிக் கட்டிப்போடும் ஆட்டத்தை இதனிடம் கற்கமுடியாது. அதற்கு மனிதர்தான் வேண்டும்.

இன்னொரு வேறுபாடு பலர் கவனிக்காதது. நிழல் உங்கள் கருவியிலேயே ஓடுவதால் இணையத் தாமதம் இல்லை. இங்கே தவறாமல் விழும் பதிலடி, ஆன்லைனில் ஓரிரு ஃபிரேம் பிந்திவிடலாம். சில விளையாட்டுகளின் டிரெய்னிங் மோடில் உள்ளீட்டுத் தாமதத்தைச் செயற்கையாகக் கூட்டலாம்; மிக நெருக்கமான நேரக்கணக்கு கொண்ட பதிலடிகளை அங்கேயும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமர்வுகளை அரைமணி நேரத்துக்குள் வைத்து, அதே நாளில் இரண்டு மூன்று ஆட்டமாவது மனிதரோடு ஆடுங்கள். நிழலிடம் கற்ற விடை அங்கே செல்லுபடியானதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்டம் மாறியபின் பழைய நிழலுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்து, முன்பு போட்ட கோடுகளை மீண்டும் எண்ணுங்கள். என் நிழலின் ஏழு இப்போது நான்காகியிருக்கிறது. அந்த இடத்தில் பின்னோக்கித் தாவும் புதிய பழக்கம் ஒன்று முளைத்திருக்கிறது.