ட்ரான்ஸ்பிளான்ட் முடிஞ்சுதே, இனி என்னன்னு விட்டுடாதீங்க

தம்பிக்கு என் கிட்னி வெச்சு நாலாவது மாசம். ரத்தம் குடுக்க கிளம்புற அவசரத்துல எட்டு மணி மாத்திரையை வழக்கம்போல முழுங்கிட்டான், ஒன்பது மணிக்கு லேப்ல போய் கையை நீட்டிட்டான். ரிப்போர்ட்ல டேக்ரோலிமஸ் (புது கிட்னியை உடம்பு தாக்காம அடக்கி வெக்கற அந்த மாத்திரை) அளவு எகிறிப்போய் வந்துச்சு. டாக்டர் அதைப் பாத்து டோஸை குறைச்சுட்டாரு. மாத்திரை போட்டுட்டுதான் வந்தான்னு நாங்களும் சொல்லல, அவங்களும் கேக்கல. டோஸ் பத்தாம ரெண்டு வாரத்துல 1.2 இருந்த கிரியாட்டினின் (கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறற கழிவு) 1.9க்கு போயிடுச்சு, கிட்னில துளி சதை எடுத்து பயாப்ஸி பாத்து, ஸ்டீராய்டு ட்ரிப் ஏத்தி, ஒரு வழியா இறங்குச்சு. யாரும் வேணும்னு பண்ணது இல்ல, ஆனா ஒரே ஒரு வாய் தண்ணில நடந்துபோன தப்பு அது.

அதனால முதல்ல இதையே சொல்லிடறேன். டேக்ரோலிமஸ் லெவல் டெஸ்ட்னா அடுத்த டோஸ் போடறதுக்கு சற்று முன்னாடி, அதாவது கடைசி டோஸ் போட்டு பன்னெண்டு மணி நேரம் கழிச்சு, ரத்தத்துல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கறது. ஒரு நாளைக்கு ஒரே தடவை போடற வகைன்னா இருபத்து நாலு மணி நேரம். மாத்திரை முழுங்கின ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அளவு உச்சத்துக்கு போகும், அந்த நேரத்துல எடுத்த ரத்தத்தை வெச்சு யாரும் சரியான முடிவு எடுக்க முடியாது. டெஸ்ட் அன்னைக்கு காலை மாத்திரையை பையில எடுத்துட்டு போங்க, ஊசி எடுத்த பிறகு போடுங்க. மறந்து போட்டுட்டா வெக்கப்படாம லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, இன்னொரு நாள் எடுத்துக்கலாம்.

ரெண்டாவது தப்பு, என்னைக் கேட்டா எல்லாத்துலயும் பெரிய தப்பு, "இத்தனை வருஷம் ஆச்சே, உடம்பு பழகியிருக்கும்"னு நினைக்கறது. உடம்பு பழகாது. 1954ல பாஸ்டன்ல டாக்டர் ஜோசப் முர்ரே பண்ண முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் ஒரே மாதிரி இரட்டையருக்குள்ள நடந்தது, அங்க உடம்பால அதை வேத்து ஆளோட உறுப்புன்னு கண்டுபிடிக்கவே முடியல. மத்த எல்லாருக்கும், அக்கா கிட்னியா இருந்தாலும் அம்மா கிட்னியா இருந்தாலும், வேத்து உறுப்போட உடம்பு போடற சண்டையை மாத்திரைதான் அடக்கி வெக்குது. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, கல்யாண வீட்டு அலைச்சல்ல ஒண்ணு, ட்ராவல்ல ஒண்ணுன்னு விட்டு விட்டு போனா உடம்பு புது உறுப்புக்கு எதிரா ஆன்டிபாடி (அந்த உறுப்பைத் தாக்கற புரதம்) பண்ண ஆரம்பிச்சுடும், அது ஒரு தடவை வந்துட்டா திருப்பி அனுப்பறது ரொம்ப கஷ்டம். லிவர் மாத்தினவங்கள்ல சிலபேர் மாத்திரையே இல்லாம இருக்காங்கன்னு படிச்சிருப்பீங்க, உண்மைதான், ஆனா அது ஆளைத் தேர்ந்தெடுத்து, படிப்படியா குறைச்சு, பயாப்ஸி வரைக்கும் பாத்து ஆராய்ச்சில பண்றது. வீட்ல உக்காந்து நாமளா பண்ணி பாக்கற விஷயம் இல்ல.

"வலி இல்ல, யூரின் நல்லா போகுது, அப்போ கிட்னி நல்லாதான் இருக்கும்"னு செக்கப்பை தள்ளிப்போடறவங்க நிறைய. மாத்தி வெச்ச கிட்னில, உடம்பு அதை ஏத்துக்காம தாக்கற ரிஜெக்‌ஷன் ஆரம்பிக்கறப்போ பல தடவை ஒரு அறிகுறியும் இருக்காது. கிரியாட்டினின் ஏறித்தான் தெரியும், அது ஏறும்போதே உள்ள கொஞ்சம் சேதம் ஆகியிருக்கும். அதனாலதான் இப்போ குடுத்தவரோட உறுப்புல இருந்து ரத்தத்துல கலக்கற டிஎன்ஏ துணுக்குகளை அளக்கற டெஸ்ட் எல்லாம் வந்திருக்கு, சேதத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கறதுக்கு. நல்ல முன்னேற்றம்தான், ஆனா எவ்வளவு நல்ல டெஸ்ட்டா இருந்தாலும் போய் ரத்தம் குடுத்தாதானே.

அடுத்தது மத்த மாத்திரைங்க. தலைவலி, முட்டிவலின்னு கடைல கேட்டு வாங்கற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ரெண்டும் கிட்னிக்கு ஆகாது, அதுவும் டேக்ரோலிமஸோட சேந்தா கிட்னிக்கு போற ரத்த ஓட்டத்தை ரெண்டும் சேந்து குறைக்கும். தொண்டை வலிக்கு குடுக்கற கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கு குடுக்கற ஃப்ளூகோனசோல், இதெல்லாம் டேக்ரோலிமஸ் அளவை மேல தூக்கும். டிபிக்கு குடுக்கற ரிஃபாம்பிசின், வலிப்புக்கு குடுக்கற ஃபெனிடாய்ன் கீழ தள்ளும். மனசோர்வுக்குன்னு விக்கற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் கீழ தள்ளும், இயற்கையானதுதானேன்னு அதை யாரும் டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் வேண்டவே வேண்டாம், அது குடல்ல மருந்தை உடைக்கற என்சைமை நிறுத்திடும். பலபேருக்கு தெரியாத இன்னொண்ணு, பேதி போனா மருந்து அளவு குறையும்னுதான் நினைப்போம், டேக்ரோலிமஸ் விஷயத்துல பெரும்பாலும் ஏறும். அதனால ரெண்டு நாள் பேதின்னா தானா நிக்கட்டும்னு இருக்காம போன் பண்ணுங்க. கடைக்காரர் வேற கம்பெனி மாத்திரை குடுத்தா, "அதே மருந்துதான்"னு சொன்னாலும், டாக்டருக்கு தெரியாம மாத்தாதீங்க. இந்த மருந்துல பத்தாததுக்கும் அதிகமாறதுக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப கம்மி.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினா பாராசிட்டமால் போட்டு காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. எதிர்ப்பு சக்தியை அடக்கி வெச்சிருக்கறதால சாதாரணமா எல்லாருக்கும் வர்ற அளவு பெரிய காய்ச்சல் இவங்களுக்கு வராம போகலாம், லேசான காய்ச்சலுக்கு பின்னாடி பெரிய தொற்று இருக்கலாம். தடுப்பூசி விஷயத்துல முடிஞ்ச வரைக்கும் ஆபரேஷனுக்கு முன்னாடியே எல்லாத்தையும் போட்டு முடிச்சிடணும், ஏன்னா அப்புறம் சின்னம்மை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) மாதிரி உயிருள்ள கிருமி தடுப்பூசிங்களை பொதுவா போட மாட்டாங்க. வெயிலும் அப்படித்தான், இந்த மருந்துங்க வருஷக்கணக்கா ஓடினா தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடும், ஆறாத புண்ணு, புதுசா வளர்ற மரு எதையும் காட்டாம விடாதீங்க.

எதிர்ப்பு சக்தியை அடக்கற இன்னொரு மாத்திரையான மைக்கோஃபீனோலேட் சாப்பிடற பொண்ணுங்க குழந்தைக்கு ப்ளான் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும், நாள் தள்ளினதுக்கு அப்புறம் இல்ல. அந்த மருந்து கருவுக்கு ஆகாது, குறைஞ்சது ஆறு வாரம் முன்னாடி நிறுத்தி அசாதையோப்ரின் மாதிரி வேறொண்ணுக்கு மாத்துவாங்க. பயந்துபோய் தானாவே மாத்திரையை நிறுத்தினா கிட்னியும் போகலாம், குழந்தைக்கும் ஆபத்து.

இனி செய்திங்க பக்கம் வர்றேன், எனக்கு ரொம்ப மனசு பதறுறது இங்கதான். "பன்னி கிட்னி வந்துடுச்சாமே, அக்காகிட்ட எதுக்கு வாங்கணும், கொஞ்சம் பொறுக்கலாம்"னு டயாலிசிஸ்லயே காத்திருக்கறவங்களை பாத்திருக்கேன். 2024 மார்ச்ல பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில ஜீன் மாத்தின பன்னியோட கிட்னியை 62 வயசு மனுஷருக்கு வெச்சாங்க, ரெண்டு மாசம் கிட்ட இருந்து இறந்துட்டாரு, கிட்னியாலதான்னு சொல்ல அறிகுறி இல்லன்னு ஆஸ்பத்திரி சொல்லுச்சு. அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க்ல ஒரு அம்மாவுக்கு வெச்சது 130 நாள் வேலை செஞ்சுச்சு. அவங்களுக்கு வேறொரு தொற்று வந்து, அதுக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்தை குறைச்சதும் ரிஜெக்‌ஷன் ஆரம்பிச்சு எடுக்க வேண்டியதாச்சு. பத்து ஜீன் மாத்தின கிட்னிக்கும் கடைசில அந்த மாத்திரைதான் காவல். 2025ல இன்னொருத்தருக்கு 271 நாள் ஓடுச்சு. ஒவ்வொண்ணும் மலைக்க வெக்கற சாதனை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா உயிரோட இருக்கற மனுஷர் குடுக்கற கிட்னி பல வருஷம் ஓடுது. கையில இருக்கற டோனரை விட்டுட்டு இதுக்காக காத்திருக்கறது இன்னைக்கு தப்பான கணக்கு.

செல் மாற்றும் அப்படித்தான். ஸ்டெம் செல்லுல (வேற வகை செல்லா மாறக்கூடிய ஆரம்ப செல்) இருந்து வளர்த்த, இன்சுலின் சுரக்கற செல்களை டைப் 1 சர்க்கரை இருக்கறவங்களுக்கு ஏத்தினதுல முழு டோஸ் வாங்கின 12 பேர்ல 10 பேர் ஒரு வருஷத்துல இன்சுலின் ஊசியே இல்லாம இருந்தாங்கன்னு 2025ல வந்துச்சு. படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்குச்சு. ஆனா அவங்களும் எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து எடுத்துக்கறாங்க, ஊசி போய் மாத்திரை வந்திருக்கு. இந்த செய்தியைக் காட்டி "நாங்களும் ஸ்டெம் செல் போடறோம்"னு சொல்ற கிளினிக் வேற, ஆராய்ச்சி வேற. அமெரிக்காவுல ஃப்ளோரிடால வயித்துக் கொழுப்புல எடுத்த ஸ்டெம் செல்லை ரெண்டு கண்ணுலயும் போட்டுக்கிட்டு மூணு பெண்கள் பார்வை இழந்தது 2017ல மருத்துவ இதழ்லயே வந்துச்சு, அவங்க காசு கட்டிட்டு போனவங்க. நிஜ ஆராய்ச்சில எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கும், பதிவு எண் இருக்கும், பெரும்பாலும் அந்த சிகிச்சைக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க.

எலும்பு மஜ்ஜை மாத்தினவங்களுக்கு சண்டை எதிர்த்திசைல நடக்கும், குடுத்தவங்ககிட்ட இருந்து வந்த செல்லுங்க இவங்க உடம்பைத் தாக்கும். தோல் தடிப்பு, வாய் வறட்சி, கண்ணு உறுத்தல்னு மாசக்கணக்கு கழிச்சு வந்தாலும் சாதாரண அலர்ஜின்னு க்ரீம் தடவிட்டு இருக்காதீங்க. சின்ன வயசுல போட்ட தடுப்பூசியோட பலனும் பெரும்பாலும் அழிஞ்சுபோயிருக்கும், அட்டவணை போட்டு மறுபடி ஆரம்பத்துல இருந்து போடணும், இதை மறந்துடறவங்க ஏராளம்.

கடைசியா குடுத்தவங்களைப் பத்தி. எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம் தம்பி ரிப்போர்ட்டை மட்டும்தான் எல்லாரும் பாத்தாங்க, நானும்தான். ஒரு நாள் அவனோட செக்கப்புக்கு துணைக்கு போனப்போ நர்ஸம்மா சும்மா என் கையிலயும் பட்டையை சுத்தினாங்க, பிபி 152க்கு 96. குடுத்தவங்க வருஷத்துக்கு ஒரு தடவை பிபி, கிரியாட்டினின், யூரின்ல புரோட்டீன் மூணையும் பாக்கணும், வலி மாத்திரையை நாமளும் தொடக்கூடாது, குழந்தை பெத்துக்கப்போற பொண்ணா இருந்தா கர்ப்பத்துல பிபி ஏற வாய்ப்பு கொஞ்சம் கூட இருக்குன்னு பிரசவ டாக்டர்கிட்ட முதல் நாளே சொல்லணும். இப்போ எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல அப்பாயின்ட்மென்ட், அவனோட காலை மாத்திரை டப்பாவோட என் பையிலதான் வரும்.