தைலமரப் பட்டையில் பிரிக்கெட் அடிக்கும் முறை

தைலமரம் வெட்டிய காட்டில் உரித்த பட்டையைக் குவித்துக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பாய்லருக்குப் போக வேண்டிய எரிபொருள் அது.

பட்டைத் தூளை அழுத்தி எரிகட்டியாக்கும் என் பிரிக்கெட் ஆலையில் முதல் வேலை மண் போக்குவதுதான். பட்டையைத் தரையில் இழுத்து வராதீர்கள். களத்தில் உதறிச் சலியுங்கள். மண் சேர்ந்தால் சாம்பல் கூடும், தூளை அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரத்தின் அச்சும் தேயும். பட்டை நாராக உரிவதால், நேரே அரவை இயந்திரத்தில் போட்டால் தண்டில் சுற்றிக்கொள்ளும். முதலில் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பிறகு 8 மில்லிமீட்டர் சல்லடை வைத்து அரையுங்கள்.

ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். 100 கிராம் தூளை 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். 90 கிராம் நின்றால் சரி. ஈரம் மிஞ்சினால் அச்சின் வாயிலேயே நீராவி சீறி, கட்டி பிளந்து விழும்.

பசை வேண்டாம். அழுத்தமும் உராய்வுச் சூடும் பட்டையிலேயே உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பிணைப்புப் பொருளை இளக்கிப் பிணைத்துவிடும். மரத்தூள் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலப்பேன், சாம்பல் குறையும். ஆறிய பிறகே மூட்டை கட்டி, பலகைமேல் அடுக்குங்கள். மழைச்சாரல் பட்டாலே உதிர்ந்துவிடும்.