போட்டாச்சு வேறு, வந்தாச்சு வேறு

தையல் கடையை மூடியபோது எனக்கு மிஞ்சியது ஓர் ஓவர்லாக் மெஷினும் நாலு பெட்டி நூலும். பட்டர்வொர்த் வீட்டு ஹாலில் பாதி இடத்தை அந்த மெஷினே பிடித்துக்கொண்டது. படம் எடுத்து, 1,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று போட்டு, இணையத்தில் ஏற்றினேன். அரை மணி நேரத்தில் வாட்சாப்பில் ஒருவர் வந்தார். நல்ல தமிழ். ‘அக்கா, கெடாவில புதுசா தையல் வகுப்பு ஆரம்பிக்கிறோம். மெஷின் எங்களுக்குத்தான். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.’ விலையைக் குறைக்கச் சொல்லவே இல்லை. பழைய மெஷினுக்குப் பேரம் பேசாத ஆளை இந்தப் பினாங்கில் நான் பார்த்ததில்லை. அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ரசீதின் படம் வந்தது. என் கணக்கு எண் சரியாக இருந்தது. தொகை 2,300 வெள்ளி. பின்னாலேயே ஒரு குரல் செய்தி: ‘அக்கா, நம்ம ஆபீஸ் கிளார்க் தப்பா 700 வெள்ளி சேத்துப் போட்டுட்டா. அதை மட்டும் டூயிட்நவ்ல அனுப்பிடுங்க. வேன் ஆறு மணிக்கு உங்க வாசல்ல நிக்கும்.’ டூயிட்நவ் என்பது கைப்பேசியிலேயே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி. வங்கிச் செயலியைத் திறந்தேன். மொத்தத் தொகை ஏறியிருந்தது. 700 வெள்ளியை அனுப்பிவிட்டேன். பெறுபவர் பெயர் வேறு யாரோ. ‘கிளார்க்கோட பேருதான் அக்கா’ என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

மெஷினைத் தூக்க ஆள் வேண்டுமென்று எதிர்வீட்டு அங்கிளைக் கூப்பிட்டேன். முப்பது வருஷம் வங்கிக் கவுண்டரில் இருந்தவர். ரசீதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ‘இது செக் போட்ட ரசீதும்மா. போட்டாச்சுன்னு சொல்லுது. வந்தாச்சுன்னு எங்க இருக்கு?’ என்றார். வேன்காரரைத் திருப்பி அனுப்பினோம். பாவம், அவருக்கும் எதுவும் தெரியாது, வாடகைக்கு வந்தவர். மெஷின் தப்பியது. 700 வெள்ளி போனது போனதுதான். செவ்வாய்க்கிழமை செக் திரும்பி வந்தது, காரணம் ‘கணக்கு மூடப்பட்டது’.

என் முதல் தவறு ரசீதை நம்பியது. பணம் போடும் மெஷின் நோட்டை எண்ணி உள்ளே வாங்குகிறது. அதனால் அந்த ரசீதுக்கு மதிப்பு உண்டு. செக் போடும் மெஷின் வாங்குவது ஒரு காகிதத்தை. அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா, கையெழுத்து சரியா, செக் அசல்தானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திருடிய செக்கையும் அச்சடித்த போலிச் செக்கையும் நல்ல செக்கைப் போலவே விழுங்கிவிட்டு ரசீது துப்பும். அந்த ரசீதில் எந்தப் பொய்யும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

இரண்டாவது, மொத்தத் தொகையைப் பார்த்தது. செயலியில் இரண்டு வரி இருக்கும். மலாயில் பாக்கி செமாசா, அதாவது நடப்பு இருப்பு. இன்னொன்று பாக்கி தெர்செடியா, நாம் எடுக்கக்கூடிய இருப்பு. இன்னும் தேறாத செக் மேல்வரியில் ஏறலாம். கீழ்வரியில் ஏறாது. என் செயலியில் மேல்வரி பெரிய எழுத்து, கீழ்வரி பொடி எழுத்து. மலாய்க்காரர்களுக்குப் பாக்கி என்றால் இருப்பு. நமக்குப் பாக்கி என்றால் இன்னும் வராதது. அன்று நம்ம ஊர்ப் பொருள்தான் சரியாக இருந்தது.

அமெரிக்காவில் இதே மோசடி இன்னும் கொடுமையானது. அங்கே செக் போட்ட சில நாளுக்குள் பணத்தை எடுக்க வங்கி விட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. செக் போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பணத்தை எடுத்துச் செலவழித்தவர் தலையில்தான் கடன் விழும். மலேசியாவில் செக்கின் படம் கணினி வழியாக வங்கிக்கு வங்கி போகிறது. பொதுவாக அடுத்த வேலை நாளில் சங்கதி தெரிந்துவிடும். அதனால் இங்கே மோசடிக்காரனுக்குக் கிடைப்பது ஓர் இரவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டால் திங்கட்கிழமைக் கணக்கில்தான் சேரும். தேறியதா இல்லையா என்பது செவ்வாய்க்கிழமை. ஓர் இரவு நாலு இரவாகிவிடும். பெருநாள் விடுமுறை சேர்ந்தால் இன்னும் யோகம். (அப்புறம்தான் யோசித்தேன்: பக்கத்து மாநிலமான கெடாவில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும். அந்த கிளார்க் எந்த ஆபீஸில் உட்கார்ந்து செக் எழுதினாளாம்?)

மூன்றாவது, ‘கூடுதலாகப் போட்டுவிட்டோம்’ என்பதை நம்பியது. இதுதான் இந்த வித்தையின் உயிர். நான் திருப்பி அனுப்பியது அவர் பணத்தை அல்ல, என் சொந்த 700 வெள்ளியை. டூயிட்நவ் நொடியில் போய்விடும். செக்கோ நாள் கணக்கில் நடந்து வரும். அந்த இடைவெளியில்தான் அவர்கள் பிழைப்பு. யாராவது கூடுதலாகப் போட்டதாகச் சொன்னால் ஒரே பதில்தான்: ‘செக் தேறட்டும், அப்புறம் பேசலாம்.’ உண்மையான ஆளாக இருந்தால் காத்திருப்பார். இல்லாவிட்டால் கோபம் வரும், போலீசுக்குப் போவேன் என்பார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பார். எனக்கு மூன்றும் வந்தது.

உண்மையைச் சொன்னால் செக் என்றவுடனேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மக்களை மின்பரிமாற்றத்துக்கு மாற்றத்தான் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2015இல் செக் ஒன்றுக்கு 50 சென் கட்டணம் கொண்டுவந்தது. பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடையில்கூட கியூஆர் ஒட்டியிருக்கும் காலத்தில் பழைய மெஷினுக்கு ஒருவர் செக் எழுதுகிறார் என்றால் ‘ஏன்?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கம்பெனி செக் என்பதாலோ, முத்திரை குத்தியிருப்பதாலோ அது பத்திரமாகிவிடாது. பணமாகாமல் திரும்பி வந்த செக்குக்கு மலாயில் ‘செக் தெண்டாங்’, அதாவது உதைபட்ட செக், என்றே பெயர். முத்திரை இருந்தாலும் உதைபடும்.

செக் மட்டுமல்ல, இதன் தம்பிகளும் உண்டு. நாளைய தேதி போட்டு ஆன்லைனில் பணம் அனுப்பியதாக ரசீது காட்டுவார்கள். பொருள் கைமாறியதும் அதை ரத்து செய்துவிடலாம். திருத்திய ரசீதுப் படம் அதைவிட மலிவு, கைப்பேசியிலேயே செய்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பார்க்க வேண்டியது உங்கள் செயலியில் அந்த ‘எடுக்கக்கூடிய இருப்பு’ வரியைத்தான். அவர் அனுப்பும் படத்தையோ, வங்கி பெயரில் வரும் மின்னஞ்சலையோ அல்ல.

போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுத் தேடலாம். தேடுங்கள். ஆனால் யாராவது புகார் கொடுத்த எண்தான் அதில் சிக்கும். ஒன்றும் வரவில்லை என்றால், இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். முதல் ஆளாக ஏமாறுபவருக்கு அதில் பதில் இருக்காது.

பணத்தை அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நான் அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் பணம் எத்தனை கணக்கு தாண்டியதோ. உடனே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள், அல்லது 997. 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. வங்கிகளும் போலீசும் அங்கே சேர்ந்து வேலை செய்கிறார்கள். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார். வாட்சாப் உரையாடலை அழிக்காதீர்கள், கோபத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான். வேன் பதிவு எண், ரசீதுப் படம், குரல் செய்தி எல்லாம் இருக்கட்டும். பொருளும் போயிருந்தால் அதையும் புகாரில் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: ‘போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்று சிலர் வருவார்கள். அதுவும் அதே குடும்பம்தான்.

மெஷின் அடுத்த மாதம் விற்றது. பிறையிலிருந்து ஒரு பெண் நேரில் வந்தார். கொண்டுவந்த துணித்துண்டை நாலு முறை ஓட்டிப் பார்த்தார், ஊசி தேய்ந்திருக்கிறது என்றார், நூல் பெட்டியையும் சேர்த்துக் கேட்டார். இருபது நிமிஷப் பேரத்துக்குப் பிறகு 1,450க்கு முடிந்தது. கியூஆரை ஸ்கேன் செய்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைத் தேடும் வரை, மெஷின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றார்.