ராமநாதபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு: மீன் நாள் பார்த்துப் புறப்படுங்கள்

ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிற குடும்பங்கள் கோயில், பாலம், தனுஷ்கோடி என்று இடங்களை எழுதிக்கொண்டு வருவார்கள். சாப்பாட்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இந்தக் கரையில் அது சரிப்படாது. இங்கே நல்ல சாப்பாடு நேரத்துக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது. விடிகாலையில் கரைக்கு வந்த மீனை வெயிலில் கிடத்தினால் மதியத்துக்குள் கெட்டுப்போகும். பதநீர் பத்து மணிக்குமேல் புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் முதலில் சாப்பாட்டுக்கு நேரம் குறியுங்கள், ஊர்களை அதற்கு இடையில் அடுக்குங்கள்.

எந்த நாள், எந்த மாதம்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் கரையில் மீன் அதிகம், விலையும் சற்று இறங்கியிருக்கும். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன்தான். அளவு குறைவு, ஆனால் ருசிக்கு அதுவே மேல். ஒரே இரவில் வலை போட்டு இழுத்து, ஐஸ் படாமல் வருகிற மீன் அது. வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்து, சனிக்கிழமை கோயிலை முடித்து, ஞாயிறு காலை மீன் வாங்குவதுபோல் திட்டம் போட்டால் வார இறுதிப் பயணம் பழுதில்லாமல் அமையும். மீனவர் வேலைநிறுத்தம் நடக்கிறதா என்று புறப்படும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே அது அடிக்கடி வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போகும். அந்த நாட்களில் வந்தால் விலை ஏறியிருக்கும். ‘ஃப்ரெஷ் மீன்’ என்று சொல்லிப் பழைய ஐஸ் மீனைத் தள்ளிவிடவும் பார்ப்பார்கள். ஆனால் நுங்குக்கும் பதநீருக்கும் அதுதான் காலம்.

ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் அமைதியானதைப் பெண்கடல் என்றும் ஆர்ப்பரிப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் பொங்கும், வடக்கு அடங்கியிருக்கும். வாடைக்காற்று மாதங்களில் அது அப்படியே தலைகீழ். பிள்ளைகளை இறக்கிக் குளிக்கவைக்க, வடக்குக் கடலில் ஆழம் குறைந்த அரியமான் கடற்கரை நல்லது. வாடை நாட்களில் மட்டும் அங்கே இறங்க வேண்டாம். இரண்டு கடலும் அடங்கி, பனங்கிழங்கும் கிடைத்து, வெயிலும் தாங்கக்கூடியதாக இருப்பது தை கடைசியிலிருந்து மாசி வரை.

முதல் நாள்: ராமநாதபுரத்தைச் சுற்றி

மதுரையிலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 115 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் எட்டு மணிக்குள் வந்துவிடலாம். சாலையோரம் பனைமரத்தடியில் கலயம் வைத்து விற்பவரைப் பார்த்தால் அங்கேயே வண்டியை நிறுத்துங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் பதநீர் கள்ளாகாமல் இனிப்பாக நிற்கிறது. நுரை பொங்கி, வாய்க்குள் சுருக்கென்று இருந்தால் குடிக்க வேண்டாம். நுங்கு வாங்கினால் விரலால் அமுக்கிப் பாருங்கள், தளதளவென்று அமுங்க வேண்டும். முற்றிய நுங்கு பிள்ளைகளுக்கு வயிற்றுவலி கொடுக்கும்.

ராமநாதபுரத்திலிருந்து இரண்டு வழி பிரியும். வடக்கே தேவிபட்டினம் பதினைந்து கிலோமீட்டர். கடலுக்குள் நவபாஷாணக் கற்கள் இருக்கும் ஊர். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியை நோக்கி மேலே போனால் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் படகில் போகலாம். ஊர்ப் பெண்கள் நண்டு, கணவாய், மீன் என்று சமைத்துத் தருகிறார்கள். நேராகப் போய் நின்றால் சாப்பாடு கிடைப்பது உறுதியில்லை. முந்தின நாளே எத்தனை பேர், என்ன வேண்டும் என்று சொல்லிவையுங்கள். படகில் ஏறும்போதே ‘இத்தனை மணிக்குத் திரும்புவோம் அக்கா’ என்று சொல்லிவிட்டுப் போனால் கரை ஏறும்போது நண்டு சூப் சூடாக இருக்கும்.

தெற்கு வழியில் திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி. இனிப்புக்காகவே கீழக்கரைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இங்கத்துத் தொதல், அரிசி மாவையும் கெட்டித் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டி அல்லது சர்க்கரையோடு மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் இதைத் ‘தோதோல்’ என்பார்கள். கடல் வணிகத்தோடு வந்து இங்கேயே ஊன்றிவிட்ட பண்டம். நல்ல தொதலை விரலால் அழுத்தினால் எண்ணெய் லேசாகக் கசியும், கையில் மாவு ஒட்டாது. வெட்டிய இடம் வெளுத்து வறண்டிருந்தால் தேங்காய்ப்பால் குறைத்த சரக்கு. தேங்காய்ப்பால் சேர்ந்தது என்பதால் வெயிலடிக்கும் கார் டிக்கியில் வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாடு தேட வேண்டாம். மாலையில் போனால் நோன்புக் கஞ்சி குடிக்கலாம்.

ராமேஸ்வரத்தில் எப்போது சாப்பிடுவது

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்களின் நேரக் கணக்கு தவறும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட ஒன்றரை மணி நேரமாவது ஆகும். விடுமுறை நாளில் இன்னும் கூடும். ஈர உடையோடு சுவாமி சன்னதிக்குப் போக முடியாது, மாற்றுடுப்பு கையில் வேண்டும். மதியம் ஒரு மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள். எட்டு மணிக்கு நிறைய இட்லி தின்றுவிட்டு வரிசையில் நின்றால் நடு வயதுக்காரர்களுக்கே தலை சுற்றும். ஐந்தரைக்கெல்லாம் காபி, பிள்ளைகளுக்கு இரண்டு பிஸ்கட், நேரே அக்னி தீர்த்தம், பிறகு கோயில், ஒன்பதரைக்கு வயிறாரப் பலகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் மாத்திரை நேரத்தைத் தள்ளாமல், சிறிதாவது சாப்பிட்டுவிட்டே வரட்டும்.

கோயிலைச் சுற்றிய வீதிகளில் பெரும்பாலும் சைவ உணவகங்கள்தான். மீன் சாப்பாட்டுக்குப் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வாருங்கள். கடைக்குள் உட்காரும் முன் ‘அண்ணே, இன்னைக்கு என்ன மீன்?’ என்று கேளுங்கள். ‘எல்லாம் இருக்கு’ என்று பதில் வந்தால் யோசியுங்கள். ‘விளமீனும் கணவாயும்தான் வந்துச்சு’ என்று சொல்கிற கடையில் நம்பி உட்காரலாம்.

இந்தப் பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. டீ கரித்தால் தூளின் குற்றம் இல்லை. தங்குமிடத்தில் சமைப்பதானால் 20 லிட்டர் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். உப்புத்தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது.

மீன் வாங்கும் முறை

சமையலறை உள்ள அறை கிடைத்தால் இந்தப் பயணத்தின் ருசியே வேறு. ஆறு மணிக்குக் கரைக்குப் போங்கள். பெரிய மீன்கள் ஏலத்தில் போய்விடும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கூறு கட்டி விற்கும் பெண்களிடம்தான் வாங்க வேண்டும். ‘அக்கா, இது நாட்டுப்படகு மீனா, ஐஸ் மீனா?’ என்ற ஒரு கேள்வி போதும், ஊர் தெரிந்த ஆள் என்று புரிந்துகொள்வார்கள்.

ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஷீலா என்று விற்பது நீள மூக்குள்ள ஊளி இனம். தென்கடலோரத்தில் சீலா என்றால் பெரும்பாலும் வஞ்சிரம். மீனைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டு விலை பேசாதீர்கள்.

நான்கு பேருக்கு ஒருவேளைக் குழம்புக்கு முழு மீனாக ஒன்றேகால் கிலோ வாங்குங்கள். தலை, குடல், செதில் போக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடவே துண்டு நிற்கும். இறாலில் ஓடு உரித்தால் பாதிதான் மிஞ்சும். நீலக்கால் நண்டு ஒன்றரை கிலோ வேண்டும். கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான், சதை இல்லை. வயிற்றுக்கு வெளியே முட்டைக் கொத்து அப்பியிருக்கும் சினை நண்டை வாங்காதீர்கள். அதை விட்டால்தான் அடுத்த வருடம் இந்தக் கடலில் நண்டு இருக்கும். கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால் புதுசு. சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழசு. ஓரா மீன் மலிவு, ருசியும் உண்டு. ஆனால் அதன் முள்ளில் விஷம். குத்தினால் கை மணிக்கணக்கில் கடுக்கும், ஆகவே விற்பவரிடமே முள்ளை வெட்டித் தரச் சொல்லுங்கள்.

குண்டு மிளகாய் மீன் குழம்பு

குண்டு மிளகாய் எனப்படும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். நீள மிளகாயைவிடக் காரம் மட்டு, நிறமும் மணமும் கூடுதல். வெளியூர்க்காரர்கள் இங்கேதான் தவறுவார்கள். காரம் போதவில்லை என்று மிளகாயைக் கூட்டிக்கொண்டே போனால் குழம்பு கசந்துவிடும். காரம் வேண்டுமென்றால் கடைசியில் மிளகு தட்டிப் போடுங்கள்.

முக்கால் கிலோ விளமீன் துண்டுக்கு முண்டு மிளகாய் 10, மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. இவற்றை எண்ணெய் விடாமல் இளஞ்சூட்டில் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மல்லி சிவக்கும் முன் மிளகாய் கருகும். அரைமூடித் தேங்காய் சேர்த்து விழுதாக அரையுங்கள். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரையுங்கள். சட்டியில் நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, வெந்தயம் சிறிது, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், தக்காளி 2 என்று வதக்கி, புளித்தண்ணீர், மஞ்சள், உப்புச் சேர்த்துப் பச்சை வாடை போகப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். பிறகு விழுதைக் கரைத்து விட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை இன்னும் பத்து நிமிடம். மீனைப் போடுவது அதற்குப் பிறகுதான். போட்டபின் ஏழெட்டு நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிளறினால் துண்டு உடையும்; சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அடுப்பை அணைத்து அரை மணி நேரம் மூடிவைத்துச் சாப்பிட்டால் உப்பும் புளியும் சதைக்குள் ஏறியிருக்கும்.

கணவாய் வறுப்பதானால் பெருந்தீயில் மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள், இல்லையேல் அரை மணி நேரத்துக்குமேல் மெல்ல வேகவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் ரப்பர்தான்.

தனுஷ்கோடிக்குப் போகும்போது

ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்கு மேல் வந்த புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தின் பக்கத்தில் ஓலைக்கொட்டகைகளில் பொரித்த மீன் கிடைக்கும். சாப்பிடும் இடமாக மட்டும் அதைப் பார்க்காமல், அங்கே ஒரு ஊர் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மசாலா தடவிக் காலையிலிருந்து வெயிலில் அடுக்கிவைத்த மீனைத் தொடாதீர்கள். கண் எதிரே கழுவி, மசாலா தடவிப் பொரிப்பதை மட்டும் வாங்குங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கொட்டகைக்கு நகருங்கள். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் நிழல் கிடையாது, குடிநீரும் கொண்டுபோக வேண்டும். மாலையில் சோதனைச் சாவடியிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும். முனையில் நீரோட்டம் கடுமை, காலை நனைப்பதோடு சரி. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டு எரிந்தால் மணலால் தேய்க்காமல், கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல

கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். உட்புறம் சர்க்கரைப் பரல்போல் மின்னினால் சீனி கலந்தது. மங்கிய கரும்பழுப்பு நல்லது. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு ஊர்களில் வாங்கினால் ஏமாறுவது குறைவு. முண்டு மிளகாயைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், காம்போடு இருக்க வேண்டும். சங்கு, சிப்பிக் கடைகளில் பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை என்று யார் காட்டினாலும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை, வாங்குவதும் குற்றம்.

கருவாட்டைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள். நெத்திலி, காரல், முரல் என்று எதுவானாலும் அமுக்கினால் ஈரம் தெரியக்கூடாது, ஓரம் மஞ்சளித்திருக்கக் கூடாது. மஞ்சள் என்றால் கொழுப்புக் கெட்டுவிட்டது. மணலில் காயவைத்ததை எத்தனை முறை கழுவினாலும் பல்லில் நறநறக்கும். வலையிலோ பாயிலோ காய்ந்தது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்று, மேலே பிளாஸ்டிக் பை, கடைசியில் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா. ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பிரித்து ஒருநாள் வெயிலில் போடுங்கள்; பைக்குள்ளேயே விட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.