சேவல் பாய வருகிறதா? காலை நீட்டாதீர்கள்

எங்கள் தெருவில் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கிய தம்பி ஒருவர் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். எட்டுப் பெட்டை, ஒரு இளஞ்சேவல். சேவலுக்கு ஐந்து மாதம் இருக்கும். "அண்ணா, இதைப் பாருங்க" என்று செருப்புக் காலை நீட்டினார். அது கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து கொத்தியது. வீடே சிரித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு வருடம் முன்பு என் வீட்டு வாசலில் நான் செய்ததும் இதேதான்.

தீவனம், தடுப்பூசி, கூடு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இது சேவல் ஆள்மீது பாய்வதைப் பற்றி மட்டும், அதில் நாம் செய்யும் தப்புகள் ஒவ்வொன்றாக.

விளையாட்டுக் காட்டுவது

எங்கள் செவலைச் சேவல் குஞ்சாக இருந்தபோது தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஒரு குஞ்சை அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வீட்டுக்குள் வளர்த்தோம். உள்ளங்கையில் குருணை வைத்தால் வந்து தின்னும், தோளில் ஏறி உட்காரும். பெட்டையாக இருந்திருந்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. சேவல் அப்படி இல்லை. கோழிகளுக்கு நடுவே வளரும் இளஞ்சேவலைப் பெரிய கோழிகள் கொத்தி அடக்கி வைக்கும், மனிதரைக் கண்டால் ஒதுங்கும் பயமும் அதற்கு இருக்கும். எங்களுடையதற்கு இரண்டும் இல்லை. அதன் கணக்கில் நாங்களும் கோழிக்கூட்டம்தான்.

நாலாவது மாதம் கால்விரலைக் கொத்த ஆரம்பித்தது. நான் காலை நீட்டினேன், அது பாய்ந்தது, காலை இழுத்துக்கொண்டேன். நமக்கு அது விளையாட்டு. அதற்கோ அது ஜெயித்த சண்டை. தினமும் சாயங்காலம் பத்துச் சண்டை ஜெயிக்கவைத்து அதை நானே பழக்கினேன்.

எட்டாவது மாதம் ஒரு இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, பக்கவாட்டில் சின்னச் சின்ன எட்டு வைத்து என்னைச் சுற்ற ஆரம்பித்தது. பெட்டையைச் சுற்றும்போதும் சேவல் இப்படித்தான் ஆடும். ஆளைப் பார்த்து ஆடினால் அடுத்தது பாய்ச்சல். அது எனக்கு அப்போது தெரியாது.

தங்கை மகனுக்கு அப்போது நாலு வயது. வாசலில் குந்தி உட்கார்ந்து புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். உட்கார்ந்த குழந்தையின் முகம் சேவல் எகிறும் உயரத்தில் இருக்கும். சேவல் காலின் பின்புறம் கூராக நீண்டிருக்கும் முள் அவன் கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே இறங்கியது. நாலு தையல், டி.டி. ஊசி. ஒரு விரல்கடை மேலே என்றால் கண் போயிருக்கும். அந்தத் தழும்பை இன்றும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. அதனால்தான் யாராவது சிரித்துக்கொண்டே காலை நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

உதைத்துத் திருத்தப் பார்ப்பது

அன்று நான் கம்பை எடுத்தேன். சேவலோடு சேவல் மோதுவதும் உதைத்துத்தான் என்பதால், நம் அடியையும் உதையையும் அது சண்டைக்கு வந்த பதிலாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில் என்னைத் தூரத்தில் கண்டாலே ஓடி வந்தது.

பலன் தருவது வேறு. பாய வந்தால் முறத்தையோ வாளியையோ முன்னால் பிடித்துத் தடுங்கள், அடிக்காதீர்கள். அப்புறம் அதைப் பிடித்து, இறக்கை இரண்டும் அடங்கக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் உங்கள் வேலையைப் பாருங்கள். திமிறல் அடங்கிய பிறகே இறக்கிவிடுங்கள். தினமும் செய்தால் பல இளஞ்சேவல்கள் சில வாரங்களில் தணியும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். கோழிக்கு நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் கிடையாது, உள்ளுறுப்புகள் சரிந்து மூச்சை அழுத்தும்.

முதுகு காட்டி ஓடுவது

ஓடாதீர்கள். நின்று, அதைப் பார்த்து ஒரு எட்டு முன்னால் வையுங்கள்.

அதன் கண்ணெதிரே பெட்டையைப் பிடிப்பது

இருட்டிய பிறகு பிடியுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது.

முள்ளை ஒட்ட வெட்டுவது

மேலே இருப்பது நகம் மாதிரி ஓடு, உள்ளே இருப்பது ரத்தம் ஓடும் எலும்பு. நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினால் போதும்.

இனத்தின்மேல் பழி போடுவது

"அசில் ரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அசில் என்பது சண்டைக்கோழி இனம், இன்னொரு சேவலைக் கண்டால் விடாது, சரி. ஆனால் வளர்ப்பவரிடம் சாதுவாக நிற்பதற்கும் பெயர் பெற்றது. இனத்தைத் திட்டுவதற்கு முன் பெட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டை வேண்டும். நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் இருந்தால் சேவல்கள் முறுக்கேறித் திரியும், பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது.

சொல்லாமல் விற்பது

எல்லாம் செய்தும் அடங்காத சேவல் உண்டு. எங்களுடையது அடங்கவில்லை, குழம்புக்குப் போனது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு இப்படிப்பட்ட சேவலைச் சொல்லாமல் விற்பது பெரிய பாவம். சண்டைக்கு விடக் கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள். 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி சேவலைச் சண்டைக்கு விடுவது குற்றம்.

அந்தச் சேவல் போனவுடனே அடைக்கு முட்டை வைத்துவிடவும் வேண்டாம். மூர்க்கம் குஞ்சுக்கும் இறங்கலாம், சேவல் போய் இரண்டு மூன்று வாரம் வரைக்கும் பெட்டை அதன் கருவுள்ள முட்டையையே இடும். ஒரு மாத முட்டையை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, புதுச் சேவல் வந்து சேர்ந்த பிறகு அடை வையுங்கள்.