ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்ட்: சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் ஃபேன்டஸி ஃபுட்பாலில், பருவம் தொடங்கும் முன் வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்தான் ஒருவருடைய அணியின் அடித்தளத்தை அமைக்கிறது. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குகளை முதலில் எடுப்பதா, அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு, எறியப்படும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர்களைக் குவிக்கும் ‘ஜீரோ ஆர்பி’ உத்தியைப் பின்பற்றுவதா என்ற கேள்விக்கு விடை தேட, டிராஃப்டையும் பருவத்தையும் கணினியில் ஆயிரக்கணக்கான முறை நடத்திப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் இப்படி எழுதப்படும் நிரல்களில் நான் காணும் பெரும்பாலான பிழைகளுக்கு ஒரே வேர்தான் இருக்கிறது. டிராஃப்ட் நாள் காலையில் ஒருவருக்குத் தெரிந்திருக்கக்கூடியதையும், அதற்குப் பிறகே தெரியவந்ததையும் நிரல் பிரித்து வைப்பதில்லை.

வெளிப்படையான வடிவத்தில் இப்பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. 2023 பருவத்தின் இறுதிப் புள்ளிகளை மதிப்பீடாகக் கொடுத்து அதே பருவத்திற்கான டிராஃப்டை நடத்தினால், புகா நகுவாவை நிரல் ஆரம்பச் சுற்றுகளிலேயே எடுத்துவிடும். என்எஃப்எல்லின் சொந்த டிராஃப்டில் ராம்ஸ் அணி ஐந்தாம் சுற்றில் தேர்ந்தெடுத்திருந்த அந்தப் புதுமுக வீரரை அந்த ஆகஸ்டில் பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளில் யாரும் எடுக்கவே இல்லை. அவரோ 105 பந்துகளைப் பிடித்து 1,486 கஜம் சேர்த்து, அன்றைய புதுமுக வீரர் சாதனையைப் படைத்தார். மறைமுகமான வடிவம்தான் அதிக ஆபத்தானது. தரவைச் சீராக்குவதாக எண்ணி, எட்டு ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியவர்களை நீக்கிவிடுவோர் உண்டு. முதல் தேர்வாகப் பலர் எடுத்த ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2020இல் 3 ஆட்டங்களும் 2024இல் 4 ஆட்டங்களும் மட்டுமே ஆடினார். அந்த இரு பருவங்களையும் அழித்துவிட்டு, முதல் சுற்றில் ரன்னிங் பேக்கை எடுப்பது பாதுகாப்பானது என்று ஒரு சிமுலேஷன் சொன்னால், அந்த விடையைக் கொடுத்தது நாம் வைத்த வடிகட்டிதான்.

இதைவிட ஆழமான தவறு, நிச்சயமின்மையை ஒரே அடுக்காகக் கருதுவது. ஒரு வீரருக்கு வாரம் 15 புள்ளிகள் என்று மதிப்பிட்டு, ஒவ்வொரு வாரமும் 8 புள்ளித் திட்டவிலக்கத்துடன் (சராசரியிலிருந்து விலகும் வழக்கமான அளவு) சமவாய்ப்பு எண்ணை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 17 ஆட்டங்களின் சராசரியில் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுசெய்து, திட்டவிலக்கம் 1.9ஆகச் சுருங்கிவிடும். அதாவது ஏறத்தாழ எல்லா சிமுலேஷன்களிலும் அவருடைய பருவச் சராசரி 11க்கும் 19க்கும் இடையிலேயே நிற்கும். பருவத்தின் நடுவில் இடத்தை இழப்பவர், பதினோராம் சுற்றில் எடுக்கப்பட்டு நட்சத்திரமாக உயர்பவர் ஆகிய இருவருமே அந்தக் கணினி உலகில் பிறப்பதில்லை. கடைசிச் சுற்றுகளில் துணிந்து எடுக்கும் இளம் வீரர்களுக்கு மதிப்பே இல்லாமல் போவதும், ‘பாதுகாப்பான’ உத்திகள் தொடர்ந்து வெல்வதும் இதனால்தான். வாரப் புள்ளிகளுக்கு முன்பே, அந்த வீரரின் உண்மையான தரம் இந்தப் பருவத்தில் எவ்வளவு என்பதை ஒரு முறை சமவாய்ப்பாக எடுக்க வேண்டும். அந்தப் பரவலின் அகலத்தை, முந்தைய ஆண்டுகளில் பருவத்திற்கு முன் வெளியான மதிப்பீடுகளுக்கும் நடந்தவற்றுக்கும் இருந்த இடைவெளியிலிருந்து பெறலாம். புதுமுக வீரர்களுக்கு அது அகலமாக இருக்கும். காயத்தால் இழக்கும் வாரங்களைத் தனியே, தொடர்ச்சியான வாரங்களாகச் சேர்க்க வேண்டும்.

எதிராளிகளை வடிவமைப்பதிலும் இதே கவனம் தேவை. 12 பேர் கொண்ட லீக்கில், சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும் ஸ்நேக் முறையில் முதலில் எடுப்பவருக்கு அடுத்த வாய்ப்பு 24ஆம் இடத்தில்தான் வரும்; இடையில் 22 வீரர்கள் போய்விடுவார்கள். மற்றவர்கள் அனைவரும் ஏடிபி எனப்படும் சராசரித் தேர்வு இடத்தின் வரிசையை அப்படியே பின்பற்றுவதாக எழுதினால், 26ஆம் இடத்திற்குரிய வீரர் எப்போதும் நமக்காகக் காத்திருப்பார். மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காக எடுப்பதில்லை. ஏடிபியைச் சுற்றி, பிந்தைய சுற்றுகளில் இன்னும் விரியும் ஒரு பரவலை வைக்க வேண்டும். பந்தை எறியும் குவாட்டர்பேக் ஒருவர் மட்டுமே ஆடும் லீக்கில், ஏற்கெனவே ஒருவரை வைத்திருப்பவர் ஆறாம் சுற்றில் இன்னொருவரை எடுக்கத் தயங்குவார் என்பதையும் சேர்க்க வேண்டும்.

வார அணியைத் தேர்வு செய்யும் வரியைத் திறந்து பாருங்கள். அந்த வாரப் புள்ளிகள் வந்த பிறகு அதிகம் எடுத்தவர்களை ஆடும் அணியில் சேர்க்கிறது என்றால், நிரல் பெஸ்ட் பால் என்ற வேறு வகை ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறது. வழக்கமான லீக்கில் அணியை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்; ஆகவே தேர்வு மதிப்பீட்டின் அடிப்படையில் நடக்க வேண்டும். பிழையான அந்த ஒரு வரி, உட்காரவைத்திருக்கும் வீரர்களின் மதிப்பை மிகையாகக் காட்டிவிடும். யாரும் எடுக்காத வீரர்களின் பட்டியலான வேய்வரிலிருந்து பருவத்தின் நடுவே வீரர்களைச் சேர்க்க முடியாததாக எழுதுவதும் அப்படியே.

ஒரே அணி வீரர்களின் புள்ளிகள் ஒட்டுறவு கொண்டவை. பாட்ரிக் மஹோம்ஸ் 40 கஜத் தொலைவுக்கு எறிந்த பந்தை டிராவிஸ் கெல்சி பிடித்து டச்டவுன் ஆக்கினால், பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி தரும் வழக்கமான பிபிஆர் விதிப்படி முதலாமவருக்கு 5.6, இரண்டாமவருக்கு 11 புள்ளிகள். இருவரையும் தனித்தனியாகச் சுழற்றும் நிரல், அவர்களைச் சேர்த்து எடுத்தவரின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக் காட்டும். பருவத்தின் மொத்தப் புள்ளிகளை மட்டும் அளப்பவருக்கு இது பொருட்டில்லை. ஆனால் பரிசு கோப்பைக்குத்தான். பெரும்பாலான லீக்குகளில் அது 15 முதல் 17 வரையிலான வாரங்களில் முடிவாகிறது. கோப்பை வெல்லும் நிகழ்தகவையே அளவுகோலாக்க வேண்டும்.

அந்த நிகழ்தகவு சராசரி அணிக்கு 12இல் 1, அதாவது 8.3 சதவீதம். 1,000 முறை ஓட்டினால் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் வரும் வழக்கமான தடுமாற்றம், 0.9 சதவீதப் புள்ளி. இரு உத்திகளின் வேறுபாட்டில் அது 1.2 ஆகும். ஆகவே 9.5க்கும் 8.5க்கும் இடையிலான வேறுபாட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரு உத்திகளுக்கும் ஒரே சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்தினால், அதே எண்ணிக்கையில் இன்னும் தெளிவான ஒப்பீடு கிடைக்கும். 40 உத்திகளை ஓட்டி முதலிடம் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தவர், அதைப் புதிய எண்களுடன் மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது.

முடிவுகளை அறிவிக்கும் முன் ஒரு சோதனையை நான் தவறாமல் செய்யச் சொல்வேன். ஒரே உத்தியை இரண்டு வெவ்வேறு பெயர்களில், ஒரே டிராஃப்ட் இடத்தில், தனித்தனி எண்களுடன் ஓட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் திட்டப்பிழையை மீறிய வேறுபாடு மீண்டும் மீண்டும் தோன்றினால், பிழை நிரலில் இருக்கிறது.