குட்டை இட்லிப்பூ: மதிலை விட்டுத் தள்ளி நடுங்கள்

வீட்டுக்கு மதில் கட்டி முடித்த கையோடு அதன் ஓரமாக ஒரு வரிசை குட்டை இட்லிப்பூச் செடி வைத்தேன். மொத்தம் ஒன்பது. வாங்கி வந்தபோது ஒவ்வொன்றின் தலையிலும் செக்கச்செவேலென்று பூங்கொத்து. மூன்றாம் மாதம் கொழுந்தெல்லாம் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. "யூரியா ஒரு கைப்பிடி போடுங்க, பச்சை கட்டிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போட்டேன். இன்னும் வெளிறியது. அடுத்த கோடைக்குள் ஏழு செடி போய்விட்டன. பிழைத்த இரண்டும் மதிலிலிருந்து தள்ளி, ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில் இருந்தவை. அவை ஏன் பிழைத்தன என்று யோசிக்கவே எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது.

விஷயம் இதுதான். இட்லிப்பூச் செடிக்குப் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. புது மதிலோரம் என்றால் சிமெண்டும் சுண்ணாம்பும்தான். நாம் பெரும்பாலும் இந்தச் செடியை வைப்பதும் அங்கேதான்.

எந்தச் செடியைச் சொல்கிறேன்?

விருட்சி, வெட்சி, இட்லிப்பூ என்று ஊருக்கு ஒரு பெயர். கேரளத்தில் தெச்சி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் சொந்த மண். பழைய புறத்திணையில் பகைவரின் ஆநிரையைக் கவரப் போன வீரர்கள் தலையில் சூடிய வெட்சி இதுதான். தாவரவியலில் இக்சோரா என்பார்கள். அதுகூட ஈஸ்வரன் என்ற சொல் ஐரோப்பியர் வாயில் திரிந்து வந்தது. பூவைப் பறித்துக் காம்பின் அடியை உறிஞ்சித் தேன் குடிக்காமல் வளர்ந்தவர்கள் குறைவு.

அந்த நாட்டு வெட்சி விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும். இப்போது நர்சரிகளில் அதிகம் விற்பது குட்டை ரகம். 'மினி இட்லிப்பூ', 'மினி இக்சோரா', 'தைவான் குட்டை' என்றெல்லாம் சொல்லி விற்பார்கள். இரண்டு முதல் மூன்று அடியில் நின்றுவிடும். இலை சிறியது, கணுக்கள் நெருக்கமானவை, அதனால் செடி பந்து போல அடர்ந்திருக்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று நிறங்கள் உண்டு. நடைபாதை ஓரம், புல்தரை விளிம்பு, வாசல் படிக்குப் பக்கம் எல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'மினி' என்ற பெயரில் பெரிய ரகத்தின் இளங்கன்றையும் தருவார்கள். நோரா கிராண்ட் என்ற இளஞ்சிவப்பு ரகம் அழகானது, ஆனால் ஐந்தடிக்குப் போகும். கணுவுக்குக் கணு இடைவெளியைப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் குட்டை ரகமா என்று சந்தேகப்படலாம்.

படி 1: இடமும் மண்ணும்

தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழ வேண்டும். நிழலில் செடி சாகாது, ஆனால் வெறும் இலையாக நிற்கும்.

மதிலிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளிக் கோடு போடுங்கள். மழை பெய்யும்போதெல்லாம் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மதிலடி மண்ணில் இறங்கும். அதைவிட மோசம், கட்டட வேலை முடிந்ததும் மிச்சக் கலவையையும் உடைந்த பூச்சையும் அங்கேயே மண் போட்டு மூடிவிடுவது. எங்கள் வீட்டில் ஒன்றரை அடி தோண்டியபோது அரை மூட்டை சிமெண்ட் கட்டியாகவே வந்தது.

மண்ணைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அரை அடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, அதன்மேல் சமையலறை வினிகரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சுக்கான் மண் உள்ள ஊர்களில் மதிலே இல்லாவிட்டாலும் நுரைக்கும். நன்றாகவே நுரைத்தால் தரையில் நடும் யோசனையை விட்டுவிட்டுப் பெரிய தொட்டிகளை வரிசையாக வைப்பது மேல். அது தோல்வி ஒன்றும் இல்லை. சிமெண்ட் தொட்டி மட்டும் வேண்டாம்.

நுரைக்கவே இல்லை என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

படி 2: கன்று தேர்வு

பூ நிறைய இருக்கிற கன்றைத்தான் கை எடுக்கும். அதை வைத்துவிட்டு, பூ குறைவாகவும் அடியிலிருந்தே நாலைந்து கிளை பிரிந்தும் இருப்பதை எடுங்கள். கொழுந்தின் நிறத்தைப் பாருங்கள்: பளபளவென்று செம்பு கலந்த பச்சையாக இருந்தால் நல்லது. இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், பழுப்புச் செதிலோ வெள்ளைப் பஞ்சோ ஒட்டியிருந்தால் வேண்டாம்.

நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் கன்றுகளில் நிறைய ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து வருபவை. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுக்கமாகப் பிடித்திருக்கும். லாரியில் அடித்துப்பிடித்து வருவதற்கு அது சரி. அப்படியே குழியில் இறக்கினால் சிக்கல்: சுற்றியுள்ள பொலபொல மண்ணில் தண்ணீர் ஓடிவிடும், நடுவிலுள்ள உருண்டை காய்ந்தே கிடக்கும். நாம் தினமும் ஊற்றிக்கொண்டிருப்போம், செடி தாகத்தில் வாடும். அதற்கு என்ன செய்வது என்று நடும்போது சொல்கிறேன்.

வாங்கி வந்ததும் நடாதீர்கள். நிழலில் ஒரு வாரம் வையுங்கள்.

படி 3: வாய்க்கால் எடுப்பது

தனித்தனிக் குழியைவிட ஒரே நீள வாய்க்கால் நல்லது. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். செடிக்குச் செடி ஒன்றேகால் அடி விட்டால் பத்தடி நீளத்துக்கு ஒன்பது கன்று பிடிக்கும். முதல் வருடம் இடைவெளி அதிகம் போலத் தெரியும், இடையில் இன்னொன்று செருகத் தோன்றும். செருகாதீர்கள்.

வாய்க்காலில் நிரப்ப நான் போட்ட கலவை: செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள்.

சேர்க்கக்கூடாதவை முக்கியம். முட்டை ஓடு, சாம்பல், எலும்புத்தூள். ரோஜாவுக்குப் போடுகிறோமே என்று இதற்கும் போடுவார்கள். முட்டை ஓடு கிட்டத்தட்ட சுண்ணாம்பேதான்; சாம்பலும் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும்.

படி 4: நடுவது

ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் நடுவது வீண் வேலை. தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் வாய்க்காலை நிரப்பும்போதே தரையைவிட நாலு விரல் மேடாக்கிவிடுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் வேர் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும்.

இப்போது அந்தக் களிமண் உருண்டை. பையைக் கிழித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் வையுங்கள். வெளி ஓரம் இளகும். விரலால் மெதுவாகத் தடவி, சுற்றிலும் அரை அங்குலம் கரைத்துவிடுங்கள்; வேர் நுனிகள் வெளியே தெரிந்தால் போதும். முழுதாக உடைத்துக் கழுவினால் செடி அதிர்ச்சியில் இலை கொட்டிவிடும். பையில் இருந்த அதே மட்டத்துக்கு நட்டு, சுற்றி மண்ணைக் கையால் அழுத்தி, தண்ணீர் விடுங்கள். நடுவது மாலை வேளையாக இருக்கட்டும். மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு பரப்புங்கள். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம்.

படி 5: தண்ணீர்

முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

எவ்வளவு என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பதுதான் இங்கே கேள்வி. போர் தண்ணீரில் பக்கெட்டில் வெள்ளை படிகிறதா? அதே வெள்ளை ஒவ்வொரு நாளும் மண்ணிலும் படிகிறது. மண்ணைச் சரியாகக் கலந்து நட்டவர்களுக்கும் இரண்டாவது வருடம் செடி மஞ்சளாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மழைநீர் சேமித்தால் இந்தச் செடிக்கு ஒதுக்குங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பு கிடையாது. அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டால் கோடை இரவில் நன்றாகவே சேரும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் நேர் எதிர். போர் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளானால்

எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மண்புழு உரம் போதும். பழைய இலையில் சிவப்பும் பழுப்புமாகப் புள்ளிகள் தெளித்தது போல இருந்தால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைவாக இருக்கலாம். கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்து. நம் ஊரில் பத்துக்கு எட்டு இதுதான்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதிகமானால் அது வேர் எடுக்க முடியாத வடிவத்தில் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் என் யூரியா கெடுதல் செய்தது: புதுத் தளிர்களைக் கிளப்பிவிட்டது, அவற்றுக்குப் பச்சையம் உண்டாக்க இரும்பு இல்லை.

உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) என்று கேளுங்கள். வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), பிறகு 5 கிராம் அன்னபேதி கரைத்து, வெயில் தாழ்ந்ததும் கொழுந்து நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது, என் வாசலில் இன்னும் இருக்கிறது.

இது தற்காலிகம்தான். அடுத்து வரும் தளிரும் பச்சையாக வர மண் மாற வேண்டும். செடிக்கு ஒரு தேக்கரண்டி கந்தகத் தூளை மேல்மண்ணில் கிளறி விடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும். வேலை தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் மறுபடி போடாதீர்கள்.

கத்தரிப்பது

பூ வருவது கிளையின் நுனியில். மாதம் தவறாமல் பெட்டி போலச் சதுரமாகக் கத்தரித்தால், வரவிருந்த மொட்டுகள் அத்தனையும் குப்பைக்குப் போகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இட்லிப்பூ வேலி பூக்காமல் பச்சைச் சுவராக நிற்பதற்கு இதுதான் காரணம், ரகத்தைக் குறை சொல்ல வேண்டாம். வாடிய கொத்தை அதன் கீழுள்ள முதல் இலைச்சோடிக்கு மேலே கிள்ளிவிடுங்கள். கொஞ்சம் ஆழமான வெட்டு வருடத்துக்கு ஒரு முறை, நன்றாகப் பூத்து ஓய்ந்த பிறகு.

பூச்சி பெரிய தொல்லை இல்லை. எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையில் கரி பூசினது போல இருந்தால் அதுவும் அந்தப் பூச்சிகள் கழிக்கும் இனிப்பில் வளரும் பூஞ்சைதான்.

வெட்டிய குச்சிகளை எறியாதீர்கள். அரை முற்றலாக நாலு அங்குலக் குச்சி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, ஈர நார்த்தூளில் செருகி, மேலே பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் ஆறு எட்டு வாரத்தில் வேர் விடும். பிழைத்த அந்த இரண்டு செடியிலிருந்து இப்படி இருபது குச்சி போட்டேன், பதினொன்று பிடித்தது. இப்போதுள்ள வரிசை அவைதான், மதிலிலிருந்து இரண்டரை அடி தள்ளி.